காதில் விழும் வரிகள்

ஜூன் 12, திங்கள்

புது வேலையில் முதல் நாள். அலுவலகம் பீளமேட்டில் ஒரு டயர் கடையின் மாடியில் இருக்கிறது. கீழே காற்றடிக்கும் சத்தம் மேலே வரை கேட்கிறது. பள்ளிக்கூட பஸ் எத்தனை நிமிடத்தில் வரும் என்று பெற்றோரின் போனுக்குச் செய்தி அனுப்புகிற மென்பொருளை இங்கே செய்கிறார்கள். மொத்தமே ஐந்து பேர். தலைவர் தண்டபாணி சார், கொஞ்சம் சிடுமூஞ்சி, ஆனால் மதியம் எல்லோரும் சாப்பிட்டாயிற்றா என்று பார்த்த பிறகுதான் தன் டப்பாவைத் திறக்கிறார்.

என் பக்கத்து இருக்கையில் ஆல்வின். ஊர் நாசரேத். சிறு வயதில் வந்த காய்ச்சலில் கண் பார்வை போய்விட்டதாம். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலை செய்கிறார். எழுதிய வரிகளைக் கம்ப்யூட்டர் வாசித்துக் காட்டுகிறது. திரையை அணைத்தே வைத்திருக்கிறார். கறுப்புத் திரையைப் பார்த்து ஒருவர் மும்முரமாகத் தட்டிக்கொண்டிருப்பது எனக்கு விநோதமாக இருந்தது. நான் பார்ப்பதை எப்படியோ தெரிந்துகொண்டு, "திரை வேணும்னா போட்டுக்கிடுங்க, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். கூச்சமாகிவிட்டது.

ஹாஸ்டலில் ரசம் என்ற பெயரில் வெந்நீர்.

ஜூன் 15, வியாழன்

அம்மா கோபியிலிருந்து போன் செய்தார். காங்கயம் பக்கம் ஒரு வரன் வந்திருக்கிறதாம், பையனுக்குச் சொந்தமாக அரிசி ஆலை. வேலையில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூன் 21, புதன்

ஒருவர் எழுதும் கோட், அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளை வரிகளை, இன்னொருவர் படித்துப் பார்த்த பிறகுதான் சேர்க்க வேண்டும் என்பது இங்கே வழக்கம். ஆல்வின் எழுதுவதைப் பார்க்கும் பொறுப்பு எனக்கு, நான் எழுதுவதைப் பார்க்கும் பொறுப்பு அவருக்கு.

இன்று அவர் எழுதியதைத் திருப்பி அனுப்பினேன். விஷயம் இதுதான். நாங்கள் எழுதும் ஜாவா மொழியில் பொதுவாக ஒரு வேலை ஆக வேண்டுமென்றால் முதலில் ஒரு ஆப்ஜெக்டை உருவாக்கி, அதனிடம்தான் வேலையைச் சொல்ல வேண்டும். ஸ்டாட்டிக் மெத்தட் என்கிற வகைக் கட்டளைக்கு அது தேவையில்லை. தூரத்தைக் கொடுத்தால் நேரத்தைக் கணக்குப் போட்டுத் தருகிற மாதிரியான வேலைகளுக்கு ஆப்ஜெக்ட் எதற்கு? அதை வைத்திருக்கும் கிளாஸின் பெயர், ஒரு புள்ளி, மெத்தடின் பெயர், அவ்வளவுதான். ஸ்டாட்டிக் இம்போர்ட் இன்னும் ஒரு படி மேலே. ஃபைலின் தலையில் ஒரு முறை அதை எழுதிவிட்டால், பிறகு கிளாஸின் பெயரையே சொல்ல வேண்டாம், மெத்தடின் பெயர் மட்டும் போதும்.

ஆனால் எங்கள் அலுவலகத்தில் அது கூடாது. எந்த மெத்தட் எந்த கிளாஸிலிருந்து வருகிறது என்று படிக்கிறவருக்கு அந்த வரியிலேயே தெரிய வேண்டும் என்பது தண்டபாணி சார் போட்ட விதி. ஆல்வின் எல்லா இடத்திலும் ஸ்டாட்டிக் இம்போர்ட் போட்டிருந்தார். நான் விதியைச் சுட்டிக்காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் மாற்றி அனுப்பினார்.

வந்த உடனே ஒரு குறையைக் கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

ஜூன் 28, புதன்

மறுபடியும் அதே. திருப்பி அனுப்பினேன். "பழக்கம் விட மாட்டேங்குது" என்று சிரித்தார். நீங்கள் ஸ்கூல் டீச்சராகப் போயிருக்க வேண்டியவர் என்றும் சொன்னார். பாராட்டா குத்தலா தெரியவில்லை. ஹாஸ்டலுக்கு வந்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கெட்டில் ஊறவைத்த துணியை மறந்தே போனேன்.

ஜூலை 5, புதன்

இன்று ஆல்வின் எழுந்தபோது ஹெட்போன் வயர் நாற்காலியில் மாட்டிக் கழன்றுவிட்டது. அவர் காதுக்குள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது எல்லோருக்கும் கேட்டது. ஏதோ பூச்சி ரீங்காரமிடுகிற மாதிரி இருந்தது. அதில் ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை. இந்த வேகத்திலா கேட்கிறீர்கள் என்றேன். வேகத்தைக் குறைத்து, ஹெட்போனை என்னிடம் கொடுத்து, கேளுங்கள் என்றார்.

கேட்டேன். அது நான் விதியைச் சொல்லி மாற்ற வைத்த ஃபைல். "ரூட் டைம் கால்குலேஷன் ஹெல்ப்பர் புள்ளி மினிட்ஸ்." அடுத்த வரி. "ரூட் டைம் கால்குலேஷன் ஹெல்ப்பர் புள்ளி டிஸ்டன்ஸ்." ஒரே வரியில் மூன்று மெத்தட் இருந்தால் அந்தப் பெயர் மூன்று முறை வருகிறது. நான் கண்ணால் பார்க்கும்போது அந்த நீளமான கிளாஸ் பெயரைத் தாண்டிப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை மட்டும் பார்த்துவிடுகிறேன். காதுக்கு அப்படித் தாண்டிப் போக வழியில்லை. ஒவ்வொரு முறையும் முழுப் பெயரும் வந்து முடிகிற வரை காத்திருந்தால்தான் விஷயம் வருகிறது. அது வருவதற்குள் வரியின் தொடக்கத்தில் என்ன இருந்தது என்பதே எனக்கு மறந்துவிட்டது.

இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"விதின்னு சொன்னீங்க. விதிக்கு என்ன பதில் சொல்லுததுன்னு விட்டுட்டேன்" என்றார்.

ஜூலை 7, வெள்ளி

காலையிலேயே தண்டபாணி சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஆல்வினுக்கு அந்த விதியைத் தளர்த்த வேண்டும் என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். நல்ல காரியம் செய்துவிட்ட நினைப்பில் வந்து உட்கார்ந்தேன்.

ஆல்வினுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மாலை வரை பேசவில்லை. கிளம்பும்போது தணிந்த குரலில் சொன்னார்: "எனக்காகப் பேசுததுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா. பாவம் பாத்து விட்டுக் குடுத்த மாதிரி ஆயிரும். எனக்கு அது வேண்டாம்."

ஹாஸ்டலுக்கு வந்து போர்வை, தலையணை உறை, திரைச்சீலை எல்லாவற்றையும் துவைத்தேன். தண்ணீரை வீணாக்குகிறேன் என்று வார்டன் சத்தம் போட்டார்.

ஜூலை 8, சனி

அவர் சொன்னது சரி. எழுதி வைக்கிறேன், திங்களன்று சொல்ல வேண்டும்.

ஜூலை 11, செவ்வாய்

நேற்று மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் டப்பாவிலிருந்து பனங்கற்கண்டு கொடுத்தார். ஊரிலிருந்து வந்ததாம். சண்டை அத்தோடு முடிந்தது.

இன்று இருவருமாகத் தண்டபாணி சாரிடம் போனோம். பேசியது ஆல்வின். சலுகை எதுவும் கேட்கவில்லை. ஸ்டாட்டிக் இம்போர்ட் போட்டாலும் எது எங்கிருந்து வருகிறது என்பது ஃபைலின் தலையில் பெயரோடு இருக்கிறது, வரியும் சுருங்குகிறது, எல்லோருக்குமே படிக்க நல்லது என்று வாதாடினார். சாரும் விடவில்லை. இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து நான் டீ குடித்தேன். கடைசியில் ஒரு மாதம் செய்து பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார்.

வெளியே வந்ததும் ஆல்வின், "நீங்க ஒரு வார்த்தை பேசலியே, ஆச்சரியம்தான்" என்றார். "கேட்டாத்தானுங்க பேசுவேன்" என்றேன். வெகுநேரம் சிரித்தார்.

ஜூலை 22, சனி

இந்த நாட்களில் எழுத நேரமில்லை. வேலை நிறைய. ஒரு பள்ளிக்கூடத்தில் எங்கள் மென்பொருளைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாலையில் காந்திபுரம் வழியாகப் போகிற பஸ்ஸில் போகிறேன். ஹாஸ்டலுக்கு அது சுற்றுதான், ஆனால் கூட்டம் குறைவு. ஆல்வினும் அதில்தான் போவார். ஜன்னல் வழியாகத் தெரிவதைச் சொல்லிக்கொண்டே வருகிறேன். சிக்னலில் ஒரு நாய் ஸ்கூட்டரின் முன்பக்கப் பலகையில் ஏறி நின்றபடி போவதைச் சொன்னபோது அது என்ன நிறம் என்று கேட்டார். செம்மண் நிறம் என்றேன். தேரிக்காட்டு மண் போலவா, ஆற்றோரத்து மண் போலவா என்று கேட்டார். நிறமெல்லாம் நினைவிருக்கிறதாம். அவர் ஊர்ப் பக்கத்து அந்த இரண்டு மண்ணும் எனக்குத் தெரியாது. அடுத்த முறை சரியாகச் சொல்ல வேண்டும்.

அரிசி ஆலை வரனை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போனில் பேசும்போது அந்தப் பையன் எதையோ மென்றுகொண்டே பேசினார். "இதெல்லாம் ஒரு காரணமா சாமி?" என்றார் அம்மா. எனக்கு அது பெரிய காரணமாகத்தான் பட்டது.

ஜூலை 27, வியாழன்

மோசமான நாள்.

காலையில் மழை. சோதனைக்கு எடுத்துக்கொண்ட பள்ளிக்கூடத்தின் பெற்றோர் எல்லோருக்கும் பஸ் வந்துவிட்டது என்று செய்தி போயிருக்கிறது. குடையும் பையுமாகக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். பஸ்ஸோ பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. குழந்தைகள் அவ்வளவு நேரமும் நனைந்துகொண்டு ரோட்டோரத்தில் நின்றிருக்கின்றன. ஒரு அம்மா போன் செய்து, தன் மகளுக்கு வீசிங் இருக்கிறது என்று சொல்லி அழுதார். போனை எடுத்தது நான். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. செய்தி அனுப்புவதை உடனே நிறுத்தினோம்.

மாலையில் அந்த அம்மாவை மறுபடி கூப்பிட்டுக் கேட்டேன். குழந்தை நன்றாக இருக்கிறது, பள்ளியிலிருந்து வந்து விளையாடுகிறது என்றார். அதற்குப் பிறகுதான் தண்ணீர் குடித்தேன்.

ஜூலை 28, வெள்ளி

காரணம் தெரிந்துவிட்டது. காலையிலிருந்து இருவரும் சேர்ந்து தேடினோம்.

நேரத்தைக் கணக்குப் போடும் வரியை யாருமே தொடவில்லை. அப்படியே இருக்கிறது. அதுதான் எங்களைச் சுற்ற விட்டது. ஆல்வின் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். "மினிட்ஸ், கிலோமீட்டர். சரியாத்தான இருக்கு" என்றார். அப்போதுதான் நான் ஃபைலின் தலையைப் பார்த்தேன். அங்கே நான் போன வாரம் சேர்த்த, நேற்றுக் காலைதான் பயன்பாட்டுக்கு வந்த ஒரு வரி இருந்தது.

கடிகாரம் சம்பந்தப்பட்ட இன்னொரு கிளாஸிலிருந்து எனக்கு ஒரே ஒரு மெத்தட் தேவைப்பட்டது. ஸ்டாட்டிக் இம்போர்ட்டில் அதன் பெயரை மட்டும் எழுதியிருக்க வேண்டும். சோம்பல்பட்டு நட்சத்திரக் குறி போட்டுவிட்டேன். நட்சத்திரம் போட்டால் அந்த கிளாஸில் இருக்கிற எல்லா ஸ்டாட்டிக் மெத்தடும் உள்ளே வந்துவிடும். அதிலும் மினிட்ஸ் என்று ஒன்று இருந்திருக்கிறது. அது நொடிகளை வாங்கி நிமிடமாக்குவது. எங்கள் மினிட்ஸ் இருக்கிற ரூட் கிளாஸுக்கு முன்பே நட்சத்திரம் போட்டிருந்ததும் நான்தான்.

எங்கள் மினிட்ஸ் தசம எண்ணை வாங்கும், கடிகாரத்துடையது முழு எண்ணை வாங்கும். நாங்கள் கொடுக்கும் தூரம் முழு எண். ஒரே ஒரு மினிட்ஸ் இருந்த வரை ஜாவா முழு எண்ணையும் அதற்குள் அனுப்பிக்கொண்டிருந்தது. அதே பெயரில் இன்னொன்று வந்ததும், முழு எண்ணுக்கு அதுதான் பொருத்தம் என்று அங்கே அனுப்பிவிட்டது. பிழை என்று எதுவும் காட்டவில்லை. பன்னிரண்டு கிலோமீட்டர் பன்னிரண்டு நொடியாகி, சுழிய நிமிடம், அதாவது பஸ் வந்துவிட்டது என்று பெற்றோருக்குப் போயிருக்கிறது.

நட்சத்திரம் போட்டது நான் என்று சொன்னேன். ஆல்வின், "படிச்சுப் பாத்து சரின்னு சொன்னது நான். மேல இருக்கிற இம்போர்ட் வரியளத் தாண்டிட்டுப் போயிட்டேன். எல்லாருந்தான் தாண்டுதோம்" என்றார்.

இருவரும் சேர்ந்தே தண்டபாணி சாரிடம் சொன்னோம். அவர் கோபப்படவில்லை. ஸ்டாட்டிக் இம்போர்ட்டே இனி வேண்டாம், பழைய விதிதான் என்றார். பிறகு சொன்னதுதான் தாங்க முடியவில்லை. ஆல்வின் திங்களிலிருந்து கோட் எழுத வேண்டாம், பள்ளிக்கூடங்களிலிருந்து வரும் போன்களைப் பார்த்துக்கொள்ளட்டும், அவருக்கும் அது சிரமமில்லாமல் இருக்கும் என்றார். மிகவும் அன்பாகத்தான் சொன்னார்.

நட்சத்திரம் போட்ட என்னைக் கோட் எழுத வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

ஜூலை 31, திங்கள்

ஆல்வின் ஒரு வாரம் லீவு போட்டு ஊருக்குப் போய்விட்டார்.

பக்கத்து இருக்கை காலி. டயர் கடைச் சத்தம் இன்று அதிகமாக இருந்தது.

ஆகஸ்ட் 2, புதன்

வேலை ஓடவில்லை. நேரான பஸ்ஸிலேயே ஹாஸ்டலுக்கு வந்தேன். அப்படியொன்றும் கூட்டமில்லை.

மதியம் ஒரு சோதனை செய்து பார்த்தேன். என்னுடைய நட்சத்திரத்தை எடுத்துவிட்டு, வேண்டிய மெத்தடின் பெயரை மட்டும் எழுதினேன். பன்னிரண்டு கிலோமீட்டருக்குச் சரியான நேரம் வந்தது. பிறகு ஆல்வின் எழுதிய ஃபைல்களை எல்லாம் திறந்து பார்த்தேன். ஒன்றில்கூட நட்சத்திரம் இல்லை. ஒவ்வொரு மெத்தடையும் பெயர் சொல்லித்தான் கொண்டுவந்திருக்கிறார். அவர் வழியில் நான் எழுதியிருந்தால் அந்தக் குழந்தைகள் நனைந்திருக்காது.

உடனே தண்டபாணி சாரிடம் போக எழுந்தேன். பாதி வழியில் நின்று, திரும்பி வந்து ஆல்வினுக்குப் போன் போட்டேன். கண்டுபிடித்ததைச் சொல்லி, "இத சார்கிட்டப் பேசலாமுங்களா? நீங்க வேண்டாம்னா பேச மாட்டேன்" என்றேன்.

அந்தப் பக்கம் எங்கோ கோழி கூவியது.

"நீங்க பேச வேண்டாம்" என்றார். பிறகு, "நான் வாரேன். ரெண்டு பேருமாப் பேசுவோம்" என்றார்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

லீவு முடியும் முன்பே வந்துவிட்டார். ராத்திரி ரயிலில் வந்து, குளித்துவிட்டு நேராக அலுவலகம். சட்டையின் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. சொல்வதா வேண்டாமா என்று யோசித்துச் சொன்னேன். நன்றி என்று சரிசெய்துகொண்டார்.

தண்டபாணி சாருக்கு முன்னால் நான் சோதனையைச் செய்துகாட்டினேன். நட்சத்திரம் இருந்தால் சுழியம், பெயரை மட்டும் எழுதினால் சரியான நேரம். சார் இரண்டு மூன்று முறை செய்யச் சொல்லிப் பார்த்தார்.

ஆல்வின் பேசினார். நட்சத்திரத்தை அடியோடு தடை செய்யுங்கள், யாராவது போட்டால் கம்ப்யூட்டரே தடுக்கிற மாதிரி நான் எழுதித் தருகிறேன் என்றார். மெத்தடுக்கு இன்னும் தெளிவான பெயர் வைக்க வேண்டும், வெறும் மினிட்ஸ் என்றால் எதிலிருந்து கணக்குப் போட்ட நிமிடம் என்று யாருக்குத் தெரியும் என்றார். அது எல்லோருடைய தவறும்தான். பிறகு குரல் மாறாமல் சொன்னார்:

"போன் எடுக்குத வேலை மோசமான வேலைன்னு நான் சொல்லல சார். தப்பு பண்ணினதுக்குன்னு குடுத்தா எடுத்துக்கிடுவேன். கண்ணு தெரியாதுன்னு குடுத்தா மாட்டேன். ரெண்டுல எதுன்னு நீங்க சொல்லணும்."

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். பிறகு, "ரெண்டாவதுதான் ஆல்வின். நான் அப்படி நெனச்சிருக்கக் கூடாது" என்றார்.

பெயர் சொல்லிப் போடுகிற ஸ்டாட்டிக் இம்போர்ட்டுக்கு அனுமதி. நட்சத்திரத்துக்கு இல்லை. ஆல்வின் அவர் இருக்கையிலேயே இருப்பார். போன்களை வாரத்துக்கு ஒருவராக எல்லோரும் எடுக்க வேண்டும், சார் உட்பட.

வெளியே வந்ததும் அவர் டீ சொன்னார், எனக்குச் சர்க்கரை தூக்கலாக.

ஆகஸ்ட் 10, வியாழன்

காந்திபுரம் பஸ். பயங்கரக் கூட்டம். நின்றுகொண்டே வந்தோம்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

பள்ளிக்கூடத்தில் மறுபடியும் செய்தி அனுப்பத் தொடங்கி ஒரு வாரம். எல்லாம் சரியாகப் போகிறது. அந்தக் குழந்தையின் அம்மா, நேரம் கச்சிதமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். போன் எடுத்தது தண்டபாணி சார். பூரித்துப்போய் எங்கள் எல்லோரிடமும் வந்து சொன்னார்.

மாலையில் படியிறங்கும்போது ஆல்வின், அடுத்த மாதம் ஊரில் கோயில் அசனம் என்றார். சர்ச்சில் ஊரே சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற பண்டிகையாம். "அம்மா உங்களயும் கூட்டிட்டு வரச் சொல்லுதா" என்றார்.

என்னைப் பற்றி என்ன சொல்லி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பக்கத்து சீட்டுன்னுதான் சொன்னேன். அம்மா நம்பல."

கீழே டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம் நின்று, மறுபடியும் தொடங்கியது. அவர் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் எந்தப் படியில் நிற்கிறேன் என்று அவருக்குத் தெரியும். முகத்தை என் பக்கமே வைத்திருந்தார்.

"நீங்க என்ன சொல்லச் சொல்லுதீங்களோ அதச் சொல்லுதேன். பக்கத்து சீட்டுதான்னா அப்படியே இருக்கட்டும்."

"உங்கம்மா நம்பாம இருக்கறது செரிதானுங்க" என்றேன்.

பஸ்ஸில் அவர் இறங்குமிடம் தாண்டிப்போனது இருவருக்குமே தெரியவில்லை.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

கோபிக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். நாசரேத், கிறிஸ்தவக் குடும்பம், கண் தெரியாது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. உரித்து முடித்து, தோலைக் கூட்டி அள்ளிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனவர் வெகுநேரம் வரவில்லை. அப்பா பேப்பருக்குப் பின்னால் இருந்தார், பக்கத்தைத் திருப்பவே இல்லை.

கிளம்பும்போது அம்மா வாசலுக்கு வரவில்லை.

ஆகஸ்ட் 21, திங்கள்

போன் வரவில்லை.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

வரவில்லை. ஆல்வின் எதுவும் கேட்கவில்லை. மதியம் அவர் டப்பாவிலிருந்த மீனைப் பாதிக்கு மேல் எனக்கே வைத்தார், முள் எடுத்து.

ஆகஸ்ட் 24, வியாழன்

காலை ஹாஸ்டலில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அம்மாவின் போன். வாயில் நுரையோடு எடுத்தேன். நலமா என்றெல்லாம் கேட்கவில்லை.

"அந்தத் தம்பிக்கு ஒன்ற சமையலப் பத்தித் தெரியுமா?" என்றார்.

தெரியாது என்றேன்.

"கண்ணுதான் தெரியாதுங்கற. நாக்கு நல்லாத்தான இருக்குது? நீ வெக்கற கொழம்பத் தின்னுட்டு அவரு என்ன பண்ணுவாரு பாவம். மொதல்ல ஒரு நாளைக்கு இங்க கூட்டியா, நான் ஆக்கிப் போடறேன். அப்பறம் பாக்கலாம்."

நான் வாயைக் கொப்பளித்துவிட்டு வருவதற்குள், பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டார்.